புதிய துணைமின் நிலையங்களில் பழைய வாயு வேண்டாம்

ஜொகூரில் கூலாயிலிருந்து செடெனாக் போகும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஜன்னலே இல்லாத நீண்ட கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தரவு மையங்கள். அவற்றைப் பற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. எவ்வளவு முதலீடு வருகிறது, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும், எவ்வளவு மின்சாரத்தை விழுங்கும் என்று காப்பிக்கடை முதல் சட்டமன்றம் வரை விவாதிக்கிறார்கள். ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில், உயரமான வேலிக்குள் அடக்கமாக நிற்கும் இன்னொரு கட்டடம் யார் கண்ணிலும் படுவதில்லை. மின்சார நிறுவனமான டிஎன்பியின் கோபுரக் கம்பிகளில் வரும் மின்சாரம் முதலில் இறங்குவது அங்கேதான். மின்துறையில் இருப்பவர்கள் அதை 'பிஎம்யூ' என்பார்கள். பெரிய துணைமின் நிலையம்.

அதன் உள்ளே போனால் கம்பியோ மின்பொறியோ கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறம் பூசிய அலுமினியக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு குழாயின் நடுவிலும் 132 ஆயிரம் வோல்ட் சுமந்த கடத்தி போகும். அதற்கும், கையால் தொடக்கூடிய வெளிச்சுவருக்கும் இடையே சில அங்குல இடைவெளிதான். அந்த இடைவெளியில் அழுத்தி அடைத்துவைத்த ஒரு வாயு மட்டுமே இரண்டையும் பிரித்து வைக்கிறது. எந்த வாயு அது என்ற கேள்விக்கு ஜொகூர் இப்போதே பதில் சொல்ல வேண்டும். இன்று பூட்டப்படும் சாதனம் நாற்பது ஆண்டு வேலை செய்யும். இன்று எடுக்கும் முடிவை அதுவரை மாற்ற முடியாது.

அவசரம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி, 2022இல் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலமும் மின்சாரமும் தேடி நிறுவனங்கள் வந்து குவிந்தன. 2023 ஆகஸ்ட்டில் டிஎன்பி, தரவு மையங்களுக்கென்று 'பசுமைத் தடம்' என்ற விரைவுத் திட்டத்தை அறிவித்தது. முன்பு மூன்று, நான்கு ஆண்டு பிடித்த உயரழுத்த இணைப்பை 12 மாதத்தில் கொடுப்பது அதன் நோக்கம். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. பன்னிரண்டு மாதத்தில் துணைமின் நிலையம் கட்ட வேண்டியவர் புதுமை தேடிப் போகமாட்டார். நேற்று வாங்கியதையே இன்றும் வாங்குவார். நேற்று வாங்கியது பெரும்பாலும் எஸ்எஃப்6 நிரப்பிய சாதனம்.

சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்பது அதன் முழுப்பெயர். 1901இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஹென்றி முவாஸானும் பால் லெபோவும் இதை முதலில் உருவாக்கினார்கள். ஒரு கந்தக அணுவைச் சுற்றி ஆறு ஃபுளோரின் அணுக்கள். நிறமில்லை, மணமில்லை, நஞ்சில்லை, தீப்பிடிக்காது, காற்றைவிட ஐந்து மடங்கு கனம். 1960களின் இறுதியில் இந்த வாயுவை அடைத்த துணைமின் நிலையங்கள் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் முதன்முதலாகச் செயல்படத் தொடங்கின. திறந்தவெளியில் கால்பந்துத் திடல் அளவு இடம் கேட்ட நிலையம் ஒரு மண்டபத்துக்குள் அடங்கிற்று. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் ஊர்களுக்கும், கடற்காற்றின் உப்பு பீங்கான் காப்பான்களில் படியும் பாசிர் கூடாங் போன்ற இடங்களுக்கும் இது பெரிய வரம். அதில் சந்தேகமே இல்லை. இந்த வாயுவைக் குறைசொல்ல வருபவர் முதலில் அதன் திறமையை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அந்தத் திறமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதன் இடத்தில் வேறெதை வைக்கலாம் என்று பேச முடியும்.

காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்கிறது பள்ளிப் பாடம். முழு உண்மை அதுவல்ல. மின்னேற்றம் கொடுத்துத் தொங்கவிட்ட ஒரு பொருள் எவ்வளவு நன்றாகக் காப்பிட்டாலும் மெல்லமெல்ல மின்னேற்றத்தை இழப்பதை 1785இலேயே கூலோம் கவனித்தார். காரணம் தெரிய நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே கதிரியக்கப் பொருள்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றிலிருந்து ரேடான் வாயு கசிகிறது. அந்தக் கதிர்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி எலெக்ட்ரான்களைப் பிடுங்கி எறிகின்றன. மண்ணை விட்டு மேலே போனால் இது குறைய வேண்டும் அல்லவா? 1912 ஆகஸ்ட் 7ஆம் நாள் ஆஸ்திரியரான விக்டர் ஹெஸ் கருவிகளோடு பலூனில் ஏறி 5,000 மீட்டரைத் தாண்டினார். மேலே போகப் போக அயனியாக்கம் கூடியது. வானத்துக்கு அப்பாலிருந்தும் கதிர்கள் வருகின்றன என்பது அன்று தெரிந்தது. அண்டக் கதிர்களைக் கண்டதற்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, நிலத்தையொட்டிய காற்றில், ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில், விநாடிக்கு ஏறக்குறைய பத்து அயனி இணைகள் எந்நேரமும் பிறந்துகொண்டே இருக்கின்றன. அலுமினியக் குழாய்க்குள் அடைத்த வாயுவுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. காமாக் கதிர்களும் அண்டக் கதிர்களின் வழித்தோன்றல்களான மியூவான்களும் உலோகச் சுவரை ஊடுருவிப் போய்விடும். வாயு எவ்வளவு நெருக்கமாக அடைபட்டிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக அயனிகள் உண்டாகும். எந்தக் காப்புவாயுவும் அயனியே இல்லாததாக இருக்க முடியாது. அதற்குள் எங்கோ ஓர் எலெக்ட்ரான் எப்போதும் பிறக்கக் காத்திருக்கிறது.

மின்முறிவு தொடங்குவது அந்த ஒற்றை எலெக்ட்ரானிலிருந்துதான். வலிமையான மின்புலம் அதைப் பிடித்துத் தள்ளுகிறது. வேகமெடுத்து ஒரு மூலக்கூறில் மோதினால் இன்னோர் எலெக்ட்ரான் விடுபடும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இந்த எலெக்ட்ரான் சரிவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டவுன்செண்ட் விளக்கினார். ஒரு சரிவுக்குள் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்துக் கோடியைத் தொட்டால், அந்தக் கூட்டத்தின் மின்னேற்றமே சுற்றியுள்ள புலத்தை வளைத்து மின்னிழையாக நீளத் தொடங்குகிறது. பிறகு நொடியின் மிகச் சிறு பங்கில் இரு முனைகளும் இணைந்து தீப்பொறி பாய்கிறது. காற்றில் இது மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட்டில் நடக்கும்.

எஸ்எஃப்6 செய்வது ஒரே வேலை. ஓடும் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃபுளோரினுக்கு எலெக்ட்ரான் மீது அவ்வளவு நாட்டம். பிடிபட்ட எலெக்ட்ரான் கனத்த அயனியோடு ஒட்டிக்கொண்டு மந்தமாக நகரும். வேகமெடுக்காது, மோதி உடைக்காது, சரிவு வளராது. அதனால்தான் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 8,900 வோல்ட் வரை அது தாங்குகிறது. காற்றைப் போல் மூன்று மடங்கு. நாலைந்து மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இந்த வாயுவுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பொதுமக்களிடம் யாரும் சொல்வதில்லை. வரம்புக்குக் கீழே இருக்கும்வரை அசையாது. வரம்பைத் தாண்டிவிட்டால் காற்றைவிடத் திடீரென்று உடையும். அந்த வரம்பை முழுக் குழாயும் தாண்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு புள்ளி தாண்டினால் போதும். பூட்டும்போது திருகாணியின் மரையிலிருந்து உதிர்ந்த உலோகச் சீவல் ஒன்று, அரிசி அளவுகூட இல்லாதது, குழாயின் அடியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் ஏறியதும் அது எழுந்து நிற்கும், துள்ளும், கடத்தியை நோக்கித் தாவும். அதன் நுனியில் மின்புலம் பல மடங்கு கூர்மையாகிவிடும். உயரழுத்த வாயுநிலையங்கள் பழுதாவதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்களில் இந்த உலோகத் துகளும் ஒன்று. அதனால்தான் குழாய்களை இணைக்கும் தொழிலாளர்கள் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் இருப்பதுபோல நூல் உதிராத துணியால் ஒவ்வொரு வளையத்தையும் துடைக்கிறார்கள், தூசி உறிஞ்சியோடு உள்ளே குனிந்து பார்க்கிறார்கள். அப்படியும் முறிவு நேர்ந்து குழாயைத் திறக்க நேர்ந்தால் உள்ளே வெளுத்த சாம்பல் நிறப் பொடி படிந்திருக்கும். பொறியின் வெப்பத்தில் வாயு சிதைந்து உலோகத்தோடு சேர்ந்த ஃபுளோரைடு உப்புகள் அவை. அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். முழு உடல் உறையும் சுவாசக் கவசமும் இல்லாமல் அருகே போகக்கூடாது. தூய நிலையில் நஞ்சில்லாத வாயு, ஒருமுறை பொறி பட்ட பிறகு நஞ்சாகிறது.

ஜொகூரின் வானம் இதில் ஒரு தனிப் பங்கு வகிக்கிறது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. இந்தக் கரையிலும் நிலைமை வேறல்ல. மின்னல் கம்பியில் இறங்கும்போது எழும் மின்னழுத்த அலை ஒன்றிரண்டு மைக்ரோ விநாடியில் உச்சத்தைத் தொட்டுவிடும். முறிவு தொடங்க வேண்டுமானால், பலவீனமான அந்தப் புள்ளியில், சரியாக அந்த மைக்ரோ விநாடியில், ஓர் எலெக்ட்ரான் தனியாக இருக்க வேண்டும். விநாடிக்குப் பத்து அயனி இணை என்ற கணக்கில், ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஒரு மைக்ரோ விநாடிக்குள் புதிதாக ஒன்று பிறக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுதான். எஸ்எஃப்6இல் பிறந்த எலெக்ட்ரானும் உடனே பிடிபட்டுவிடும். ஆகவே, பழுதுள்ள ஒரு குழாய் பல மின்னல்களைத் தாங்கிவிட்டு அடுத்த மின்னலில் விழலாம். முந்தைய மின்னல்களின்போது சரியான இடத்தில் எலெக்ட்ரான் இல்லை, இந்த முறை இருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. சோதனைக்கூடத்தில் 132 கிலோவோல்ட் சாதனத்தின் மீது 6,50,000 வோல்ட் செயற்கை மின்னலை ஒருமுறை மட்டும் பாய்ச்சிப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்துவிடாமல், பதினைந்து முறை பாய்ச்சுவதற்குக் காரணம் இந்தத் தற்செயல்தான்.

இடி குறைவான ஊரில் பத்தாண்டில் வெளிப்படும் குறை இங்கே சில பருவமழைக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். ஐரோப்பாவில் தேர்ச்சிபெற்ற சாதனம் ஜொகூரிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. இதைச் சொந்தமாகச் சோதித்துப் பார்க்கும் வசதி மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உயர் மின்னழுத்த, உயர் மின்னோட்டக் கழகம் பல ஆண்டுகளாக மின்னலையும் மின்காப்பையும் ஆராய்ந்து வருகிறது. பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஸ்எஃப்6க்கு மாற்றாக டிரைஃபுளோரோ அயோடோமீத்தேன் என்ற வாயுவை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே மாநிலத்தில் இப்படி இரண்டு இடங்கள் அமைவது அரிது. அவற்றைக் கேட்காமல் கொள்முதல் முடிவு எடுப்பது வீட்டில் மருத்துவரை வைத்துக்கொண்டு வெளியூர் மருந்துச்சீட்டை அப்படியே பின்பற்றுவதற்குச் சமம்.

சரி, இவ்வளவு திறமையான வாயுவை ஏன் விட வேண்டும்?

ஏனென்றால் மனிதர் உருவாக்கிப் பயன்படுத்தும் வாயுக்களில் பூமியை இதைவிட வலுவாகச் சூடாக்குவது எதுவும் அறியப்படவில்லை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் ஐந்தாம் அறிக்கைக் கணக்கில், ஒரு கிலோ எஸ்எஃப்6 நூறு ஆண்டில் 23,500 கிலோ கரிமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. எலெக்ட்ரானையே விடாத அந்த உறுதியான மூலக்கூறை வெயிலும் மழையும் எளிதில் உடைக்க முடியாது. காற்றில் கலந்தால் பழைய கணக்கில் 3,200 ஆண்டு, புதிய கணக்கில் ஏறக்குறைய 1,000 ஆண்டு தங்கும். 1997 கியோட்டோ உடன்படிக்கையிலேயே கட்டுப்படுத்த வேண்டிய வாயுக்களின் பட்டியலில் இது இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் 1990களின் இறுதியில் வளிமண்டலத்தில் லட்சம் கோடி மூலக்கூறுகளில் நான்கு என்றிருந்த அளவு இப்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது.

சாதனம் செய்பவர்கள் உடனே சொல்லும் பதில், "எங்கள் குழாய் கசியாது" என்பது. பன்னாட்டுத் தரவிதி ஒவ்வோர் அறைக்கும் ஆண்டுக்கு நூற்றுக்கு அரை பங்கு வரை கசிவை அனுமதிக்கிறது. நல்ல சாதனங்கள் இதைவிடக் குறைவாகவே கசிகின்றன என்பதும் உண்மை. ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ வாயு உள்ள ஒரு நிலையம் அந்த வரம்பில் கசிந்தால் ஆண்டுக்கு 5 கிலோ போகும். கரிமில வாயுக் கணக்கில் ஏறக்குறைய 117 டன். நாற்பது ஆண்டில் 4,700 டன். இது ஒரு நிலையத்துக்கு மட்டும், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். பராமரிப்பில் வால்வை அலட்சியமாகத் திறப்பது, முறிவில் குழாய் வெடித்துப் போவது, ஆயுள் முடிந்தபின் பழைய இரும்பு வியாபாரியிடம் போகும்போது வாயுவைத் திறந்துவிடுவது ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. மிகப் பெரிய ஆபத்து கடைசியில் சொன்னதுதான்.

கூரையெல்லாம் சூரியத் தகடு வைத்துக்கொண்டு, ஆண்டறிக்கையில் பசுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் தரவு மைய நிறுவனங்கள், தங்கள் வாசலில் நிற்கும் துணைமின் நிலையத்துக்குள் எந்த வாயு இருக்கிறது என்று கேட்டிருக்கின்றனவா? அவர்களுக்காகவே கட்டப்படும் நிலையம் அது. கேட்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சாதனங்களில் எஸ்எஃப்6 போன்ற வாயுக்களுக்கு 2026 முதல் தடை. 52 முதல் 145 கிலோவோல்ட் வரை 2028 முதல். அதற்கு மேல் 2032 முதல். மாற்றுச் சாதனத்துக்கு யாருமே விலைப்புள்ளி தராத நிலை போன்றவற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் போகும் திசை மாறாது. அங்கே விற்க முடியாமல் போகும் சாதனங்களுக்கு இனி எங்கே சந்தை தேடுவார்கள்? அவசரமாகக் கட்டிக்கொண்டிருக்கும், தடைச்சட்டம் இல்லாத நாடுகளில்தான். பிற்காலத்தில் உதிரிப் பாகமும் வாயுவும் கிடைக்காமல் திண்டாடப் போவதும் அந்த நாடுகள்தான். ஜொகூர் அந்த வரிசையில் முதலில் நிற்கக்கூடாது.

மாற்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் எல்லா மின்னழுத்தத்துக்கும் ஒரே மாற்று கிடையாது. இதைக் கலந்து பேசுவதால்தான் விவாதம் குழம்புகிறது.

டிஎன்பியின் 132 கிலோவோல்ட் வலையமைப்பு, பன்னாட்டுக் கணக்கில் 145 கிலோவோல்ட் வகுப்பைச் சேர்ந்தது. இந்த வகுப்பில், ஈரம் நீக்கிய சாதாரணக் காற்றைக் காப்பாக அடைத்து, மின்சுற்றைத் துண்டிக்கும் வேலையை வெற்றிடக் குப்பிக்கு விட்ட சாதனங்கள் சந்தையில் இருக்கின்றன. சீமென்ஸ் எனர்ஜி போன்ற நிறுவனங்கள் விற்கின்றன, ஐரோப்பாவில் பல இடங்களில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. வெற்றிடத்தில் மோதுவதற்கு மூலக்கூறே இல்லை என்பதால் எலெக்ட்ரான் சரிவு உருவாக வழியில்லை. 11 கிலோவோல்ட் சுவிட்ச் பெட்டிகளில் வெற்றிடத் துண்டிப்பான்களை மின்சாதனங்களைக் கவனிக்கும் நம் ஊர் சார்ஜ்மேன்கள் நெடுநாளாகக் கையாண்டு வருகிறார்கள். காற்றின் காப்பு குறைவு என்பதால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், குழாயும் சற்றுப் பெரிதாகும். செடெனாக்கில் அதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கசிந்தால்? கசிந்தது காற்று. கணக்கு எழுத வேண்டிய தேவையே இல்லை.

275, 500 கிலோவோல்ட் அளவில் நிலைமை கடினம். அங்கே ஃபுளோரின் சார்ந்த புதிய வாயுக்களைக் கரிமில வாயுவோடும் ஆக்சிஜனோடும் கலந்து பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தில் செல்லிஞ்ச் என்ற இடத்தில் 2017இல் 420 கிலோவோல்ட் வாயுக் குழாய் ஒன்றில் எஸ்எஃப்6க்குப் பதில் இப்படியொரு கலவையை நிரப்பினார்கள். அந்தக் கலவைகளின் அடிப்படையான சி4 ஃபுளோரோநைட்ரைலைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனம், எளிதில் சிதையாத ஃபுளோரின் வேதிப்பொருள்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்தப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஒரு சிக்கலை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் அபாயம் இங்கே உண்மையாகவே இருக்கிறது. எனவே இந்த அளவில் அவசரப்பட வேண்டாம் என்று டிஎன்பி சொன்னால் அதை மறுக்க முடியாது.

ஆனால் இங்கேதான் ஜொகூருக்கு இயற்கை கொடுத்த ஒரு வசதி இருக்கிறது. புதிய வாயுக்களை எல்லோரும் மிகக் கொஞ்சமாகக் கலப்பதற்குக் காரணம் குளிர். ஃபுளோரோநைட்ரைலின் கொதிநிலை மைனஸ் 4.7 பாகை செல்சியஸ். பாரிட் ராஜாவில் ஆராய்ந்த அயோடோமீத்தேன் வகை வாயுவுக்கு மைனஸ் 22.5. சி5 ஃபுளோரோகீட்டோன் என்ற இன்னொன்றுக்கு 27 பாகை. மைனஸ் 25 பாகைக்கு இறங்கும் ஊரில் இவை குழாயின் அடியில் திரவமாகச் சொட்டிவிடும், காப்பு குறைந்துவிடும். ஆகவே அங்கே நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே சேர்க்க முடிகிறது. ஜொகூரில் விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அதிகப் பங்கு கலக்கலாம், அழுத்தத்தைக் குறைக்கலாம், சாதனத்தைச் சிறிதாக்கலாம். அயோடோமீத்தேன் வகையில் வேறு தொல்லைகள் உண்டு. பொறி பட்டால் அயோடின் படிகிறது, உடல்நலம் குறித்த ஐயமும் இருக்கிறது. எனினும் வெப்பமண்டலத்துக்கு ஏற்ற கலவை எது என்பதைக் குளிர் நாட்டவர் கண்டுபிடித்துக் கொடுக்கப் போவதில்லை. அவர்களுக்கு அது தேவையில்லை. தேவைப்படுவது கோலாலம்பூருக்கும், சென்னைக்கும், கொழும்புக்கும், ஜகார்த்தாவுக்கும்தான். ஸ்கூடாயில் அதைக் கண்டறிந்தால் கோடிக்கணக்கான மக்கள் வாழும் ஒரு வெப்ப வளையமே பயன்பெறும்.

ஸ்கூடாய் ஆராய வேண்டியது இன்னொன்றும் உண்டு. நேர்மின்னோட்டக் கடலடிக் கம்பிகள் சரவாக்கிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் சிங்கப்பூர் நோக்கி வரவேண்டும் என்ற பேச்சு தொடர்கிறது. அப்படிப்பட்ட கம்பி இந்தக் கரையைத் தொட்டால் இயற்கை அயனியாக்கம் இன்னும் நேரடியாகத் தலையிடும். மாறுமின்னோட்டத்தில் அயனிகள் இங்குமங்கும் ஆடி ஓய்ந்துவிடும். நேர்மின்னோட்டத்தில் அவை ஒரே திசையில் நகர்ந்து, கடத்தியைத் தாங்கும் எப்பாக்ஸிக் கூம்பின் மேல் நாள்கணக்கில் சேரும். அந்த மின்னேற்றம் கூம்பின் மேற்பரப்புப் புலத்தையே மாற்றி எழுதிவிடும். எத்தனை அயனி, எந்த வாயுவில், எவ்வளவு வேகத்தில் என்று இப்போதே அளக்கத் தொடங்க வேண்டிய ஆய்வு இது.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒன்றை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நம்பகத்தன்மை. 2022 ஜூலை 27ஆம் நாள் பட்டப்பகலில் கோலாலம்பூர், சிலாங்கூர் உட்படத் தீபகற்பத்தின் பல பகுதிகளில் மின்சாரம் போயிற்று. ஜொகூர் யோங் பெங் உத்தாராவிலுள்ள பெரிய துணைமின் நிலையத்தில் சாதனம் ஒன்று பழுதானதே காரணம் என்று டிஎன்பி அறிவித்தது. ஓர் ஊரின் சாதனம் தலைநகரையே நிறுத்தும் என்றால், பழகிய தொழில்நுட்பத்தை விட்டுப் புதியதைத் தொடப் பொறியாளர்கள் தயங்குவது நியாயமே. அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் 132 கிலோவோல்ட்டில் தொடங்கலாம் என்கிறோம். ஒரு தரவு மையத்துக்கென்று கட்டும் நிலையம் பழுதானால் பாதிப்பு அந்த மையத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும், அவர்களிடம் சொந்த ஜெனரேட்டர்களும் இருக்கின்றன. புதிய சாதனத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட ஆபத்துக் குறைந்த இடம் கிடைக்காது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஜொகூரில் தரவு மையங்களுக்காக இனி வரும் 132 கிலோவோல்ட் ஒப்பந்தப்புள்ளிகளில் எஸ்எஃப்6 இல்லாத சாதனத்தை அடிப்படைத் தேவையாகக் குறிப்பிட வேண்டும். கூடுதல் செலவை இணைப்புக் கட்டணத்தில் அந்த நிறுவனங்களே ஏற்கலாம், பொதுமக்களின் மின்கட்டணத்தில் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு குழாயிலும் எத்தனை கிலோ வாயு அடைத்தார்கள், ஆண்டுக்கு எவ்வளவு நிரப்பினார்கள் என்ற கணக்கை எரிசக்தி ஆணையம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிரப்பிய அளவுதான் கசிந்த அளவு, அதை மறைக்க முடியாது. முதலில் வரும் இரண்டு, மூன்று நிலையங்களில் துகளும் பொறியும் எழுப்பும் நுண்ணிய ரேடியோ அலைகளைக் கேட்கும் உணரிகளைப் பொருத்தி, அவற்றின் பதிவுகளை ஸ்கூடாய்க்கும் பாரிட் ராஜாவுக்கும் நேரடியாக அனுப்ப வேண்டும். இரண்டு பருவமழை கடந்தால் ஐரோப்பாவில் யாரிடமும் இல்லாத இடிமின்னல் அனுபவம் நம் கையில் இருக்கும்.

ஏற்கெனவே பூட்டிய எஸ்எஃப்6 சாதனங்கள் ஓடட்டும். அவற்றைப் பிடுங்கி எறிவதில் பயனில்லை. ஆனால் ஆயுள் முடியும்போது உள்ளேயுள்ள வாயுவைக் கடைசிக் கிலோ வரை உறிஞ்சியெடுக்க வேண்டும். பயன்படுத்திய வாயுவைச் சுத்திகரித்து மீண்டும் நிரப்புவதற்கு ஐஇசி 60480 என்ற பன்னாட்டுத் தரவிதி உண்டு. அதற்கான மீட்புக் கூடம் ஒன்றைப் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் அமைக்கலாம். சார்ஜ்மேன் சான்றிதழுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாயு கையாளும் பயிற்சியையும் அங்கேயே கொடுக்கலாம். அடுத்த நாற்பது ஆண்டுக்கு அந்த வேலை இருக்கும்.